பச்சையா மாறுற டேமுக்கு ஒரு வரவு செலவு நோட்டு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

மேட்டூர் டேம் தண்ணி பச்சையாகி நாத்தம் அடிக்குதுன்னு வருசா வருசம் பேப்பர்ல செய்தி வருது, படகுல ஆளுங்க போய் நுண்ணுயிர் கரைசல் தெளிக்கற படமும் கூடவே வருது, அடுத்த மழைக்கு எல்லாரும் மறந்துடறோம், அப்பறம் திரும்பவும் அதே செய்தி அதே படம். நான் பொறந்தது பவானி, வாக்கப்பட்டு வந்தது கொளத்தூர் பக்கம், இருவது வருசமா பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் சொல்லிக்குடுக்கறேன். டேம் நெறஞ்சு நிக்கறப்ப எங்க வூட்டு மொட்டை மாடியில நின்னு பார்த்தா அக்கரை தெரியாது, கடலாட்டந்தான் இருக்கும். இந்த தண்ணியப் பத்தியும் நெசமான ஒரு கடலப் பத்தியும் சேர்த்து சொல்ல வேண்டியது இருக்குங்க, அதனால கடிதம் நீளமாத்தான் வரும், வெட்டாம போட்டீங்கன்னா உதவியா இருக்கும்.

எங்க வூட்டுக்காரரோட சித்தப்பா பண்ணவாடியில பரிசல் வெச்சு மீன் பிடிக்கறவர். நாலு வருசமா சனிக்கிழமை காலைல அவரு பரிசல்ல நானும் ரெண்டு பசங்களும் போறோம். பழைய எவர்சில்வர் வட்டல் ஒண்ணை நாலு பங்கா பிரிச்சு கருப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி பெயிண்ட் அடிச்சு, நடுவுல ஓட்டை போட்டு கயிறு கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு வெச்சிருக்கோம். அதை தண்ணியில எறக்கி, கண்ணுக்கு மறையற எடத்துல முடிச்சை எண்ணி நோட்டுல எழுதறோம், அவ்வளவுதான் வேலை. 1865-ல இத்தாலியில ஆஞ்செலோ செக்கின்னு ஒரு பாதிரியார் கடல்ல வெள்ளைத்தட்டை எறக்கி பார்த்த முறைதான் இது, இன்னைக்கும் உலகம் பூரா ஏரி ஆராய்ச்சிக்காரங்க இதத்தான் மொதல்ல செய்யறாங்க. காத்து அடங்கி வெயில் ஏறி பச்சை படர்ற வாரத்துல, முழங்கை முங்கற ஆழத்துக்குள்ளயே எங்க வட்டல் மறைஞ்சு போகும். மாமா தண்ணிய ஒரு கை அள்ளி மோந்து பார்த்துட்டு, "ஏனம்மிணி, இது சாக்கடையா, வயக்காட்டு உரமா, ரெண்டும் இல்லாட்டி டேம் அடியில அழுகறதா, உங்க படிப்புல அதை பிரிச்சு சொல்ல முடியுமா?"ன்னு கேட்டாரு. இந்த கடிதமே அந்த கேள்வியில இருந்து வந்ததுதானுங்க.

ஏன்னா எங்க ஊரு டீக்கடையில இதுக்கு ஆளுக்கு ஒரு பதில் இருக்கு. காட்டுக்காரங்க சாக்கடைங்கறாங்க, டவுனுக்காரங்க உரங்கறாங்க, எல்லாருமா சேர்ந்தா மேல கர்நாடகாவுல இருந்து வர்றதுங்கறாங்க, மீன்காரங்க எதையும் சொல்றதில்ல, மீன் செத்து மெதந்தா நட்டம் அவங்களுக்குத்தான். யாரு கையிலயும் கணக்கு இல்ல. கணக்கு இல்லாத எடத்துல சத்தம் எச்சா போடறவன் சொல்றதுதான் நிக்கும்.

இதே மாதிரி ஒரு சண்டை கருங்கடல்ல நடந்துச்சு. அது கிட்டத்தட்ட 4,36,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2,200 மீட்டர் ஆழம், ஆனா சுத்தி நெலம், வெளிய போக பாஸ்பரஸ் ஜலசந்தின்னு ஒரே சந்து, அதுவும் குறுகலான எடத்துல ஒரு கிலோமீட்டர் அகலம் கூட கெடையாது. (பாஸ்பரஸ் சத்துக்கும் அந்த ஜலசந்திக்கும் பேருதான் ஒண்ணாட்டம் கேக்குது, சம்பந்தம் இல்ல, இனிமே நான் பாஸ்பரஸ்னு சொன்னா சத்துதான்.) மேல ஆத்துத்தண்ணி லேசா மெதக்குது, கீழ மத்தியதரைக்கடல்ல இருந்து வந்த உப்புத்தண்ணி கனமா படுத்திருக்கு, ரெண்டும் அவ்வளவா கலக்கறதில்ல, அதனால 150 மீட்டர் சொச்சத்துக்கு கீழ ஆக்சிஜன் கெடையாது, முட்டை அழுகின நாத்தம் அடிக்கற ஹைட்ரஜன் சல்பைடுதான் இருக்கு. மொத்த தண்ணியில 90 சதவீதத்துக்கு கிட்ட அப்படித்தான். மீன் மாதிரி ஆக்சிஜன் வேணுங்கற உசுரெல்லாம் மேலாக்க இருக்கற ஒரு மெல்லிசு ஏட்டுல, பால் மேல ஆடை படிஞ்ச மாதிரி. அந்த ஏட்டுக்குள்ள டான்யூப், நீப்பர், நீஸ்டர்னு பெரிய ஆறுங்க வந்து விழுகுது, டான்யூப் மட்டும் 10 நாட்டு வழியா ஓடி வருது, அத்தனை நாட்டு வயக்காட்டு உரமும் ஊர் சாக்கடையும் அதுல.

1970, 80-கள்ல அந்த உரச்சத்து ஏறி கடலோட வடமேற்கு மூலை பச்சை கட்ட ஆரம்பிச்சுது, பாசி செத்து அடியில அழுகி ஆக்சிஜனை உறிஞ்சி, தரையில இருந்த நண்டு சிப்பி செம்பாசி காடு எல்லாம் போச்சு. அப்ப அமெரிக்க கரையில இருந்து வந்த கப்பலோட பாரத்தண்ணியில நெமியாப்சிஸ்னு ஒரு ஜெல்லி பிராணி வந்து சேர்ந்துச்சு, 1982-ல மொதல்ல பார்த்தாங்க. சொறிமீன் மாதிரி கண்ணாடியா இருக்கும், ஆனா கொட்டாது. மீனுக்கு எரையாகற விலங்கு பிளாங்க்டனை, அதாவது தண்ணியில மெதக்கற பொடிப்பொடி பிராணிங்களை, அது வாரித்தின்னுது, மீன் முட்டையையும் குஞ்சையும் விடல. 1989-ல அதுதான் கடல் பூரா. அதே சமயத்துல நெத்திலி பிடிப்பு பாதாளத்துக்கு போச்சு, துருக்கி கரையில நெத்திலியை நம்பி இருந்த குடும்பங்க தெருவுக்கு வந்துச்சு. எல்லாரும் ஜெல்லிதான் குத்தவாளின்னாங்க. ஜெல்லி வர்றதுக்கு முந்தியே டால்பினையும் பெரிய மீனுங்களையும் வேட்டையாடி தீர்த்திருந்ததை, ஆத்து வழியா உரம் வந்துட்டே இருந்ததை, நெத்திலியையே அளவு மீறி அள்ளினதை, ஒட்டுக்கா வெச்சு கணக்கு போட அப்ப ஆள் இல்ல.

கணக்கு போட்டவங்க அப்பறம் வந்தாங்க. துருக்கியில மத்திய கிழக்கு தொழில்நுட்ப பல்கலைக்கழகத்துல தெமெல் ஓகுஸும் அவரு கூட்டாளிங்களும் 1990-கள்ல இருந்து கருங்கடலோட பிளாங்க்டனை கம்ப்யூட்டர் மாடலா எழுதினாங்க. பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி தஸ்கலோவ் 2002-ல, பெரிய மீனை தீர்த்தா சின்ன மீன் பெருகும், சின்ன மீன் பெருகினா விலங்கு பிளாங்க்டன் கொறையும், அது கொறைஞ்சா பாசி ஏறும்னு படிப்படியா எறங்கற சங்கிலியை கணக்கா காட்டினாரு. இப்படி பலபேர் பல மாடல் போட்டு பார்த்ததுல, ஒத்தைக் காரணத்தை மட்டும் வெச்சு அந்த வீழ்ச்சியை கொண்டுவர முடியல, உரமும் மீன்பிடியும் ஜெல்லியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் கடல் கவுந்துச்சுங்கற பக்கம் ஆராய்ச்சி போச்சு. சோவியத் ஒன்றியம் உடைஞ்சு அந்தப்பக்கத்து விவசாயத்துல உரம் வாங்க காசு இல்லாம போனதும் ஆத்துல வர்ற சத்து கொறைஞ்சுது, 1997-ல அந்த ஜெல்லியையே திங்கற பெரோய்ங்கற இன்னொரு ஜெல்லி வந்து சேர்ந்துச்சு, கடல் கொஞ்சம் கொஞ்சமா தேறுச்சு. முழுசா பழையபடி ஆகல.

மாடல்னா என்னமோ ராக்கெட் சமாச்சாரம்னு நெனைச்சுக்காதீங்க. எங்க பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப்ல எக்செல்ல பசங்க போட்டதை சொல்றேன், புரிஞ்சிரும். நாலு போசி, அதாவது பாத்திரம், இருக்குன்னு வெச்சுக்குங்க. மொதல் போசியில தண்ணியில கரைஞ்சிருக்கற சத்து. ரெண்டாவதுல பாசி, அதாவது தாவர பிளாங்க்டன். மூணாவதுல பாசிய திங்கற விலங்கு பிளாங்க்டன், டாப்னியா மாதிரி தண்ணிப்பூச்சிங்க. நாலாவதுல செத்ததும் கழிவும், அடிக்கு எறங்கற வண்டல். வெளிச்சம் இருந்தா மொதல் போசியில இருந்து ரெண்டாவதுக்கு ஊத்தும், ஆனா பாசி எச்சானா அதோட நெழல் அதுக்கே விழுந்து ஊத்தறது கொறையும். ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு ஊத்தும், ஆனா பூச்சிக்கு வயிறு நெறஞ்சா அதுக்கு மேல திங்காது, அதையும் எழுதணும். பூச்சியோட கழிவுல பாதி நேரா மொதல் போசிக்கு, மீதி நாலாவதுக்கு. நாலாவதுல பாக்டீரியா வேலை செஞ்சு மெதுவா மொதலுக்கே திருப்பி ஊத்தும். ஒரு நாளைக்கு ஒரு வரி, 365 வரி போட்டா ஒரு வருசம். கோர்டன் ரைலிங்கறவரு 1946-ல கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கையாலயே இப்படி கணக்கு போட்டு அமெரிக்காவுல ஜார்ஜஸ் பேங்குங்கற மீன்பிடி மேட்டுல பாசி எந்த மாசம் ஏறும் எந்த மாசம் எறங்கும்னு சொன்னாரு.

இதுல மாத்தவே முடியாத சட்டம் ஒண்ணுதான், நாலு போசியும் கூட்டினா மொத்தம் மாறக்கூடாது, வெளிய இருந்து வந்தது போனது தவிர. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு போட்ட ஷீட்டுல மார்கழி மாசம் வர்றதுக்குள்ள மொத்தம் ரெண்டு மடங்கு ஆயிருச்சு, டேம்ல யாரும் ஒண்ணும் கொட்டாமயே. ரெண்டு நாள் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தா. கடைசியில கண்டுபிடிச்சா, பூச்சி தின்னதை மூணாவது போசியில கூட்டியிருக்கா, ரெண்டாவதுல கழிக்க மறந்துட்டா. "டீச்சர், தின்னது எங்கிருந்தோ வந்திருக்கணும்ல?"ன்னு அவளே சொன்னா. டேமைப் பத்தி பேசற பெரியவங்க எல்லாரும் அந்த ஒரு கேள்விய கேட்டா போதுமுங்க, இந்த பச்சை எங்கிருந்தோ வந்திருக்கணும்ல.

மைக்ரோஸ்கோப்புல பார்க்க பிளாங்க்டன் வலை வேணும், கொசுவலையில எல்லாம் நிக்காது, அவ்வளவு பொடிசு. என் தம்பி ஈரோட்டுல ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கான், சட்டத்துல இழுத்து கட்டற போல்டிங் துணி கிழிஞ்சதை குடுத்தான், அதை கூம்பா தெச்சு அடியில மாத்திரை டப்பா கட்டினா அசல் பிளாங்க்டன் வலை ஆயிருச்சு, அந்தக் காலத்து விஞ்ஞானிங்க மாவு சலிக்கற இதே மாதிரி பட்டுத்துணியிலதான் வலை தெச்சாங்க. நல்ல வாரத்துல ஒரு சொட்டு வெச்சா டாப்னியா கையை கையை ஆட்டிக்கிட்டு இருக்கும், ஒடம்பு கண்ணாடி, உள்ள இருதயம் துடிக்கறதும் கொடல்ல பச்சையா பாசி எறங்கறதும் அப்படியே தெரியும், பசங்க எடத்தை விட்டு நகர மாட்டாங்க. பச்சை வாரத்துல வெச்சா மைக்ரோசிஸ்டிஸ்ங்கற நீலப்பச்சைப்பாசிதான், கேவுரு மாவு தண்ணியில கரையாம கட்டி கட்டியா மெதக்கற மாதிரி இருக்கும். உள்ள காத்துப்பை வெச்சிருக்கறதால அதுவா மேல வந்து வெளிச்சத்தை புடிச்சுக்கும், கட்டியா இருக்கறதால டாப்னியா வாய்க்கு அடங்காது, அதனால நாலு போசி கணக்குல ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு போற குழாய் அடைச்ச மாதிரி ஆயிரும். பாசி திங்க ஆள் இல்லாம செத்து அழுகறப்பத்தான் அந்த நாத்தம்.

இப்ப டேமுக்கு நாங்க போட்ட கணக்கை சொல்றேன், இதுக்கு பெரிய படிப்பு வேண்டியதில்ல, நீங்களே பேனாவ எடுத்து சரி பாருங்க. மேட்டூர் டேம் 120 அடி நெறஞ்சா 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சிங்கறது 2.83 கோடி கன மீட்டர். அப்ப மொத்தம் 264 கோடி கன மீட்டர் சொச்சம். பரப்பு 153 சதுர கிலோமீட்டர், வகுத்தா சராசரி ஆழம் 17 மீட்டர்தான் வருது. இந்த தண்ணி முழுசுலயும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் ஏத்தணும்னா எவ்வளவு வேணும்? 10 மைக்ரோகிராம்னா மாடியில வெச்சிருக்கற 1,000 லிட்டர் டேங்குக்கு 10 மில்லிகிராம், கல்லுப்புல ஒரு பொடிக்கல்லு அளவு. டேமுக்கு மொத்தமா 26 டன் வருது. இதை டிஏபி உர மூட்டையில சொல்றேன். 50 கிலோ மூட்டையில பாஸ்பரஸ் பென்டாக்சைடா 46 சதவீதம், வெறும் பாஸ்பரஸா எடுத்தா 10 கிலோ. அப்ப 2,600 மூட்டை. எங்க பக்கத்து உரக்கடைங்கள்ல ஒரு போகத்துக்கு எவ்வளவு எறங்குதுன்னு பார்க்கறவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய நம்பர் இல்ல. உலக அளவுல ஏரிங்களுக்கு வெச்சிருக்கற அளவுகோல்ல லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் தாண்டினாலே சத்து மிகுந்து பாசி கட்டற ஏரின்னு பேரு.

ஒடனே விவசாயிதான் குத்தவாளின்னு யாரும் கெளம்பிடாதீங்க, நானும் காட்டுக்காரர் வூட்டு மருமகதான். ஒரு ஆள் வருசத்துக்கு சுமாரா அரை கிலோ பாஸ்பரஸ் மூத்திரத்துலயும் மலத்துலயும் வெளிய விடறாங்க. 50,000 பேர் இருக்கற டவுனோட சாக்கடை சுத்தம் பண்ணாம ஒரு வருசம் தண்ணியில கலந்தா 25 டன். பாருங்க, 2,600 மூட்டையும் 50,000 பேரும் ஒரே எடைதான். உரமா சாக்கடையான்னு டீக்கடையில நடக்கற சண்டை ஏன் தீரமாட்டேங்குதுன்னு இதுல தெரியுது, ரெண்டுமே தனியாவே டேமை பச்சையாக்கற அளவுக்கு கனமான சரக்கு. வயல்ல போட்ட பாஸ்பரஸ்ல பெரும்பங்கை மண்ணு புடிச்சு வெச்சுக்கும், மழையில மண்ணு அரிச்சா அதோட வரும். சாக்கடையில வர்றது நேரா வரும். எது எவ்வளவுன்னு ஆறு டேமுக்குள்ள நொழையற எடத்துல, தொப்பையாறு சேர்ற எடத்துல, அடிப்பாலாறு பக்கத்துல தண்ணி எடுத்து அளந்தாத்தான் பிரியும்.

இன்னொண்ணு, தண்ணி கொறையறப்ப நெலமை வேற. 20 டிஎம்சிக்கு எறங்கிட்டா அதே 10 மைக்ரோகிராம் ஏத்த ஆறு டன்னுக்கும் கம்மி போதும், 560 மூட்டை சொச்சம். தண்ணி வத்தறப்ப டேமுக்குள்ள முங்கிக் கெடக்கற பழைய கோயிலோட நந்தி தலை வெளிய தெரியும், கூடவே நெலமும் தெரியும், ஜனங்க அதுல பயிர் வெக்கறாங்க, வயித்துப்பாட்டுக்குத்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த பயிருக்கு போட்ட உரம், அறுத்த பின்னாடி நின்ன தட்டு, மாட்டுச்சாணி எல்லாம் வெள்ளம் ஏறினதும் தண்ணிக்கு அடியில போயிருது. நாலாவது போசியில யாரோ வண்டியோட கொண்டுவந்து கொட்டின மாதிரி.

பாஸ்பரஸையே ஏன் புடிச்சு தொங்கறேன்னு கேக்கலாம். 1973-ல கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 226-ம் நம்பர் ஏரின்னு ஒரு சின்ன ஏரிய நடுவுல பிளாஸ்டிக் திரை போட்டு ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, இன்னொரு பக்கம் அதோட பாஸ்பரஸும் சேர்த்து போட்டாங்க. பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாச்சு, வானத்துல இருந்து எடுத்த போட்டோவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். நைட்ரஜன் பத்தலைன்னா சில நீலப்பச்சைப்பாசிங்க காத்துல இருந்தே எடுத்துக்கும், எச்சானா பாக்டீரியா அதை வாயுவாக்கி காத்துக்கே திருப்பி விட்டுரும், கருங்கடல்ல ஆக்சிஜன் தீர்ற மட்டத்துல அந்த வேலை தெனமும் நடக்குது. பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வழி கெடையாது. வந்தா தண்ணியில இருக்கும், இல்ல உசுருக்குள்ள இருக்கும், இல்ல சேத்துல இருக்கும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டுங்கறவரு கடல் பிளாங்க்டன்ல கண்ட வீதம் ஒரு அணு பாஸ்பரஸுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன். அதை எடைக்கு மாத்தினா ஒரு கிலோ பாஸ்பரஸ் 41 கிலோ கார்பனை பாசியா கட்டும், ஈர எடையில பார்த்தா அதைப்போல பல மடங்கு. ஒரே ஒரு டிஏபி மூட்டை டன் கணக்குல பாசி ஆகும்.

அதனாலதான் கரைசல் தெளிக்கற விசயத்துல எனக்கு வெசனம். வேகாத வெயில்ல படகுல நின்னு தெளிக்கறவங்க மேல ஒரு கொறையும் இல்ல, நாத்தம் கொறையட்டும்னுதான் செய்யறாங்க. ஆனா நாலு போசிய வெச்சு யோசிங்க, நுண்ணுயிர் பாசிய அழிச்சா அந்த பாஸ்பரஸ் நுண்ணுயிருக்குள்ள போகுது, அதுவும் சாகும், அடிச்சேத்துக்கு எறங்கும். கோடையில டேம்ல மேல் தண்ணி சூடா லேசா, கீழ் தண்ணி குளிர்ந்து கனமா பிரிஞ்சு நிக்கும், கருங்கடல்ல உப்பு செய்யற வேலைய இங்க சூடு செய்யுது. அடியில ஆக்சிஜன் தீர்ந்தா சேத்துல இரும்போட ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழண்டு திரும்ப தண்ணிக்கே வந்துரும். மாமா கேட்ட மூணாவது சந்தேகம், அடியில அழுகறதான்னு, அது இதுதான். பத்து வருசத்துக்கு முந்தி வந்த சத்து இன்னைக்கு பச்சையா எந்திரிக்கலாம். செலவுல எழுத ரெண்டே ரெண்டு கணக்குதான் இருக்கு, ஜூன் 12 மதகு தொறந்தா தண்ணியோட டெல்டாவுக்கு போறது, அப்பறம் மீனா நம்ம வெளிய எடுக்கறது. ஒரு டன் மீன் பிடிச்சா அதோட சுமாரா நாலஞ்சு கிலோ பாஸ்பரஸ் வெளிய வருது.

மீனுன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும், இது கருங்கடல் சொல்லிக்குடுத்தது. டேம்ல குஞ்சு விடறப்ப கட்லா, ரோகு, மிர்கால்னு விடறாங்க. கட்லா மேல்மட்டத்துல விலங்கு பிளாங்க்டனை திங்கற மீன், மிர்கால் அடியில மேயும், ஜிலேபி பாசியையும் திங்கும் வண்டலையும் திங்கும். டாப்னியாவ திங்கற மீன் எச்சானா பாசிய மேய ஆள் கொறையும், பெரிய வாளை கொறைஞ்சு போனா சின்ன மீன் பெருகும், அதுவும் டாப்னியா தலையிலதான் விடியும். எத்தனை குஞ்சு, எந்த ஜாதி, எந்த மாசம்னு முடிவு பண்றது மீன் வருமானத்தோட முடியற சங்கதி இல்லீங்க, தண்ணியோட நெறமும் அதுல இருக்கு. பச்சையப் பத்தி யோசிக்கறவங்க ஒரு ஆபீசுலயும் மீனப் பத்தி யோசிக்கறவங்க இன்னொரு ஆபீசுலயும் இருந்தா இந்த சங்கிலி யாரு கண்ணுலயும் படாது.

இது வெறும் நாத்தப் பிரச்சனையும் இல்ல. சேலத்துல இருந்து ஈரோடு வரைக்கும் எத்தனையோ கூட்டுக்குடிநீர் திட்டத்துல இந்த தண்ணிதான் குடிக்கறோம். மைக்ரோசிஸ்டிஸ்ல சில ரகம் மைக்ரோசிஸ்டின்னு ஒரு நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலை பாதிக்கும், காய்ச்சி குடிச்சாலும் போகாது, குடிதண்ணியில லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் அளவு வெச்சிருக்கு. எல்லா பச்சையும் நஞ்சு இல்லீங்க, ஜனங்க பயப்பட வேண்டாம், அளந்து பார்த்து சொல்லுங்கன்னுதான் கேக்கறேன். போன வருசம் சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்கு மனு போட்டேன், தண்ணி பரிசோதனை ரிசல்ட்ட குடுங்கன்னு. மூணு தடவை போயிட்டு வந்தேன், வேற செக்சனுக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னதோட சரி.

அதனால கேக்கறது இதுதாங்க. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நாள்ல, டேம் முன்னாடியும் பண்ணவாடி, அடிப்பாலாறு பக்கமும் மேல இருந்து அடி வரைக்கும் சூடு, ஆக்சிஜன், பாஸ்பரஸ், நைட்ரஜன், பச்சையம் அளக்கணும், எந்த பிளாங்க்டன் எவ்வளவுன்னு எண்ணணும். வர்ற தண்ணி போற தண்ணி கணக்கு தெனமும் எடுக்கறாங்க, டேம் நீர்மட்டம் கூட தெனம் பேப்பர்ல வருது, அதே வரியில பாஸ்பரஸும் வரணும். கோயமுத்தூர்ல வேளாண் பல்கலைக்கழகம் இருக்கு, நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு, சேலத்துல பெரியார் பல்கலைக்கழகம் இருக்கு, இந்த மூணு எடத்து ஆளுங்களும் ஒரே மேசையில உக்காந்து மேட்டூருக்குன்னு ஒரு மாடல் எழுதட்டும், உரம், சாக்கடை, அடிச்சேறு, மீன்குஞ்சு, மதகு எல்லாம் அதுல இருக்கட்டும். அப்பறம் கேள்வி கேக்கலாம், ஒரு டவுனுக்கு சாக்கடை சுத்திகரிப்பு போட்டா பச்சை எத்தனை வாரம் கொறையும், வத்தின நெலத்துல உரத்தை பாதியாக்கினா எவ்வளவு, கட்லாவ கொறைச்சா எவ்வளவு. எதுல காசு போட்டா பலன்னு தெரிஞ்சு போடலாம். கருங்கடலைச் சுத்தி 6 நாடு, ஒருத்தருக்கொருத்தர் ஆகாதவங்களும் அதுல உண்டு, அவங்களே 1992-ல புக்காரெஸ்ட்டுல ஒக்காந்து கடலைக் காப்பாத்த ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. நமக்கு ரெண்டு மூணு மாநிலந்தான்.

நாலு வருச சனிக்கிழமை அளவு எங்ககிட்ட ரெண்டு நீள நோட்டுல இருக்கு. தேதி, நேரம், காத்து, நீர்மட்டம், வட்டல் மறைஞ்ச முடிச்சு, சொட்டுல என்ன தெரிஞ்சுது எல்லாம் பசங்க கையெழுத்துல. மழையில நனைஞ்ச நாலஞ்சு பக்கம் மட்டும் மை கலைஞ்சிருக்கு, அதை அந்தந்த பசங்களையே கேட்டு திரும்ப எழுதி வெச்சிருக்கேன். மேட்டூருக்கு மாடல் எழுத யாரு வந்தாலும் அந்த நோட்டை குடுக்கறோம், சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு பண்ணவாடி பரிசல்துறைக்கு வந்தா மாமா பரிசல்ல இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்குங்க.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருத்தர்,
கொளத்தூர், சேலம் மாவட்டம்.